முதுகுப் பக்கம் பொத்தான்

மாரிசெல்வி இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். செம்பூரில் நான் இருக்கும் அறையிலிருந்து தாராவிக்கு ஒரே பஸ்தான். போகாமல் இருக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மாமனார் கணேசபாண்டியன் பிளம்பர். மாமியார் பேராச்சி ஒரு ரெடிமேட் பட்டறையில் கோட்டுகளுக்குப் பொத்தான் தைக்கிறார். கீழே ஓர் அறை, அதற்கு மேல் ஏணி வைத்து ஏறும் பலகைப் பரண்; மும்பையில் அதை மாலா என்பார்கள். பெண்கள் இருவரும் அந்த மாலாவில்தான் வளர்ந்தார்கள். இப்போது சின்னவள் கலைச்செல்வி மட்டும் அங்கே தூங்குகிறாள். முலுண்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

கோழிக் குழம்பு. நான் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லுதேன் மாப்ள. கலைய நீங்களே கட்டிக்கிடுங்க."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். அக்காள் போனால் தங்கை. நான் எதிர்பார்க்காமல் இல்லை. ஆனாலும் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"வெளிய குடுத்தா நாளைக்கு ஒரு சொல்லு வரும்," என்றார் அத்தை, கதவோரம் நின்றபடி. "ஒங்களுக்குன்னா தெரியும். நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டீய."

"என்ன தெரியும் அத்தை?"

அவர் மாலாவைப் பார்த்தார். "அந்தச் சத்தம்."

மேலே கலைச்செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், கீழே தன் கல்யாணப் பேச்சு நடக்கும்போது. அவள் அப்படித்தான். காலையில் சயானில் முலுண்டுக்கு ரயில் ஏறுவாள். கூட்டத்துக்கு எதிர்த்திசை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்தால் தூங்குவாள். விழித்தால் முலுண்டைத் தாண்டிக் கல்யாண் வந்திருக்கும். வீட்டில் அவளுக்குக் கல்யாண் ராணி என்று பெயர்.

குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. நான் காத்திருந்தேன். மாமா, கல்யாணத்துக்கு ஊரிலிருந்து தன் தம்பி எப்போது வருவான் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை இலையை எடுத்தார். மேலே இன்னும் சத்தமில்லை. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவள் போல ஓர் இழுப்பு. பலகை அதிர்ந்தது. மறுபடி குறட்டை.

அவர்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை. குறட்டைதான் கேட்டது. நடுவில் இருந்த அமைதி கேட்கவில்லை. நாலு வருஷம் எனக்கும் அப்படித்தான்.

மாரிசெல்வி ஒல்லி. குறட்டை குண்டானவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிவி பார்க்கும்போது, காய் நறுக்கும்போது கண் சொக்கும். இருபத்தெட்டு வயதில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. அந்த மாத்திரை எழுதிய டாக்டர்தான் ஒரு தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார். வீட்டிலேயே செய்யலாம். மார்பில் கட்டும் ஒரு சின்னப் பெட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். காலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வராது," என்று அன்று என்னைக் கல்யாணில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். போனேன்.

முடிவு நன்றாக வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சிகிச்சை தேவையில்லை. மாட்டுங்கா போய்க் காபி குடித்துக் கொண்டாடினோம். அதற்கடுத்த வருஷம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். பிரஷர் என்றார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அதுதான் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே.

பிறகு நிறையப் படித்தேன். மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் இதுவே. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய காலைத் தலைவலி இருந்தது. ஆனால் அவளுடைய அறிக்கையில் அது இல்லை. எனக்குப் புரியவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முதல்ல கலைக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும் மாமா."

மாமாவின் முகம் மாறியது. "டெஸ்டா? மாடு பாக்க வந்தீயளா மாப்ள, பல்லப் புடிச்சுப் பாக்க?"

"தூக்க டெஸ்ட். மாரிக்கு எடுத்தது மாதிரி."

"அதான் ஒண்ணுமில்லன்னு வந்துச்சே."

"இவளுக்கு எடுக்கணும்."

அத்தை குறுக்கே வந்தார். "நீங்களே கட்டுனா வெளிய யாருக்குத் தெரியப்போவுது? பொறவு டெஸ்ட் எதுக்கு?"

கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் டெஸ்ட் நடக்காது என்பதும் தெரிந்தது.

"டெஸ்ட் முடியட்டும். அப்புறம் பேசலாம்," என்றேன்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் கலைச்செல்வி கடைக்கு அரை நாள் விடுப்பு போட்டாள். செம்பூரில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். சயானில் பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் அவள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"பாஸானா கல்யாணம், ஃபெயிலானா கிடையாது. அப்படித்தான அத்தான்?"

"அப்படி இல்ல."

"அப்பா அப்படித்தான் சொல்லுதாவ. ஒம் மாப்ளைக்குச் சர்ட்டிஃபிகேட் வேணுமாம்னு அம்மாவ வையுதாவ."

"கலை, அது வேற. உனக்கு மூச்சு நிக்குது. நான் கேட்டேன்."

"அக்காக்கும்தான் நின்னுச்சு. சின்னதுலருந்தே. நான் காலால ஒரு ஒத விடுவேன், திரும்பிப் படுப்பா. அவ என்னைய ஒதைப்பா." பிறகு கேட்டாள்: "அதே பெட்டிதானா?"

"அதேதான்னு நினைக்கிறேன். வீட்டுலயே..."

"சோடோ, விடுங்க. அது வேண்டாம். அத ஏமாத்திறலாம்."

"யார் சொன்னா?"

"அக்கா ஏமாத்துனால்லா."

பஸ் சுமன் நகர் சிக்னலில் நின்றது. எனக்கு இறங்கிவிட வேண்டும் போல இருந்தது. அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா? நெசமாவே தெரியாதா?"

அவள் சொன்னது இது. பெட்டியைக் கொண்டுவந்த பையன் தாராவிக்காரன். அகிலாண்டத்தின் மகன். அகிலாண்டம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வரன் பார்த்துச் சொல்லும் பெண். அப்போது கலைச்செல்விக்கு ஒரு வரன் வந்திருந்தது. மூக்குக் குழாய் குறட்டையையும் பதிவு செய்யும் என்று அந்தப் பையன் விளக்கியிருக்கிறான். மாரிசெல்வி அதைப் போனில் குரல் பதிவது போல நினைத்துக்கொண்டாள். போட்டுக் கேட்பார்கள், சிரிப்பார்கள், அகிலாண்டத்தின் காதுக்குப் போகும். அக்காள் குறட்டை என்றால் தங்கையும் அப்படித்தான் என்பார்கள். அதனால் அந்த இரவு அவள் தூங்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, விரலில் கிளிப்போடு, விடியும் வரை ஆடாமல் படுத்தபடி போனில் படம் பார்த்திருக்கிறாள்.

"காலைல எனக்கு மெசேஜ் போட்டா. ஒரு பொட்டுத் தூங்கல, ஜெயிச்சுட்டேன்னு. நானும் சிரிச்சு ஒரு பொம்மை போட்டேன்."

"அந்த வரன்?"

"அது வேற எதுக்கோ நின்னுபோச்சு. அவியளுக்குச் சீதனமா ஒரு வேன் வேணுமாம்."

சிக்னல் விழுந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்த்தான் இறங்கினோம். பஸ்ஸில் கலைச்செல்வி தூங்கவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

டாக்டர் ஆனி மாட்டுங்காவில் வளர்ந்தவர். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். தமிழில் பேசினார். கலைச்செல்வியை வாயைத் திறக்கச் சொன்னார், பக்கவாட்டில் திரும்பச் சொன்னார், தாடையை விரலால் அளப்பது போலப் பார்த்தார்.

"தாடை சின்னது. உள்வாங்கி இருக்கு. தூங்கும்போது தொண்டைச் சதை தளரும், எல்லாருக்கும்தான். உங்களுக்கு அங்க இடமே கம்மி. நாக்கு பின்னால போய் அடைச்சுக்கும். மூச்சு நிக்கும். மூளை பதறி எழுப்பிவிடும். எழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ராத்திரி பூரா இப்படியே நடந்தா பகல்ல எப்படி முழிச்சிருப்பீங்க?" என்னிடம் திரும்பினார். "நீங்க?"

"இசக்கிராஜ். இவங்க அக்கா வீட்டுக்காரர்."

"அக்காவுக்கும் இதே தாடையா? கூட்டிட்டு வாங்க, அவங்களையும் பாத்துடலாம்."

கலைச்செல்வி குனிந்துகொண்டாள். "அவங்க இல்ல," என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். போனில் இருந்த பழைய அறிக்கையைக் காட்டினேன். அதை எடுத்த இரவு மாரி தூங்கவில்லை என்பதையும் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

"இந்தப் பெட்டிக்கு ஆள் தூங்குறாங்களா முழிச்சிருக்காங்களான்னு தெரியாது," என்றார். "மூச்ச மட்டும்தான் பாக்கும். முழிச்சிருக்கறவங்க மூச்சு நல்லாத்தான் இருக்கும். காலைல அவங்ககிட்ட நல்லாத் தூங்குனீங்களான்னு யாராவது கேட்டிருக்கணும்."

யாராவது. நான் கல்யாணிலிருந்து அன்று நேராக அலுவலகம் போய்விட்டேன்.

"தூங்கியிருந்தா?"

"தெரிஞ்சிருக்கும். சிகிச்சை ஆரம்பிச்சிருப்பாங்க. மத்தத என்னால சொல்ல முடியாது இசக்கிராஜ். சொன்னா அது பொய்."

கலைச்செல்விக்கு ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் பரிசோதனை எழுதினார். தலையிலும் ஒயர் ஒட்டுவார்கள். தூங்கினால் தெரிந்துவிடும். துணைக்கு அத்தை போனார்.

முடிவு வந்த அன்று மூன்று பேரும் போனோம். கடுமையான நிலை என்று டாக்டர் சொன்னார். அத்தை கேட்ட முதல் கேள்வி: "கல்யாணம் ஆனா சரியாயிருமா டாக்டரம்மா?"

"ஆகாது. கூட ஒருத்தருக்குத் தூக்கம் போகும், அவ்வளவுதான்."

கலைச்செல்வி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "ஒருக்களிச்சுப் படுத்தா வராது டாக்டரம்மா. நான் அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். நைட்டிக்குப் பின்னால கோட்டுப் பொத்தான் தச்சிருவேன், வரிசையா. மல்லாந்தா உறுத்தும். ரெண்டு பேருக்கும் வயசுக்கு வந்ததுலருந்து அப்படித்தான்."

கல்யாணமான புதிதில் மாரியின் நைட்டியில் அந்தப் பொத்தான்களை நான் பார்த்திருக்கிறேன். திறக்காத இடத்தில் எதற்குப் பொத்தான் என்று கேட்டேன். ஃபேஷன் என்றாள். என்னுடைய கை அடிக்கடி அதில் இடித்தது. உறுத்துகிறது, வேறு நைட்டி போடேன் என்று நான்தான் சொன்னேன்.

டாக்டர் அத்தையிடம் கோபப்படவில்லை. "லேசா இருக்கறவங்களுக்கு நாங்களும் அதத்தான் சொல்றோம், முதுகுப் பக்கம் பந்து கட்டிக்கோன்னு. இவங்களுக்கு அது போதாது. சத்தம் குறையும். நோய் குறையாது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எடையைக் குறைத்தால் பலருக்குக் குறையும், இவளிடம் குறைக்க எடை இல்லை. தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்செட் போன்ற ஒன்று உண்டு, அது லேசான, நடுத்தர நிலைக்கு நன்றாக வேலை செய்யும். தாடையை வெட்டி முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் உண்டு, பெரிய ஆபரேஷன், அதைப் பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு மெஷின். சீபேப். மூக்கில் மாஸ்க், அதில் ஒரு குழாய், காற்று லேசான அழுத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றே தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மருந்து இல்லை, ஊசி இல்லை. தினமும் போட வேண்டும்.

"எத்தன நாளைக்கு?" அத்தை கேட்டார்.

"கண்ணாடி எத்தன நாளைக்குப் போடுவீங்க?" என்று கலைச்செல்வி அம்மாவிடம் கேட்டாள். கடைப் பேச்சு.

மெஷினை வாடகைக்கு எடுத்தோம். மாலாவில் பிளக் இல்லை. மாமா தானே கீழேயிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். அதைச் செய்யும்போது என்னிடம் அன்பாகப் பேசினார். தம்பிக்கு டிக்கெட் போடச் சொல்லட்டுமா மாப்ள என்றார். பார்ப்போம் மாமா என்றேன்.

அடுத்த ஞாயிறு நானே போனேன். எல்லாரும் இருந்தார்கள். சொல்லிவிட்டேன்.

"கல்யாணம் வேண்டாம் மாமா."

மாமா குரலை உயர்த்தவில்லை. "பொறவு டெஸ்ட் எதுக்கு எடுத்தீய? ஆஸ்பத்திரில கொண்டு படுக்கவச்சு, தலையில ஒயர ஒட்டி, ஊருக்கெல்லாம் தெரியவச்சு? அகிலாண்டம் நேத்து வாசல்லயே நின்னு கேக்கா, ஒம் மவளுக்கு மூச்சு வராதாமேன்னு."

"அவளுக்கு மூச்சு வரணும்னுதான் மாமா."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. நீங்க கட்டுவீயன்னுதான நாங்க சம்மதிச்சோம்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சே செஞ்சீய."

அத்தை அழ ஆரம்பித்தார். "சவத்து மெஷின். இதத் திருப்பிக் குடுத்துருங்க மாப்ள. பெரியவளுக்கு இது இல்லாமத்தான் நாலு வருசம் நீங்க குடும்பம் நடத்துனீய." சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி ஏணியில் பாதி இறங்கி நின்றிருந்தாள்.

"மெஷின் போவாது," என்றாள். "அது என்னோடது. வாடகை நான் குடுக்கேன்."

"ஏளா, நீ சும்மா இரி," என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்கப்பா. இவரு என்னக் கட்டுனா என்ன ஆவும்? ராத்திரி பூரா முழிச்சு என் மூக்கையே பாத்துட்டு இருப்பாரு. வீட்டுல ஒருத்தராவது தூங்கணும்லா." மாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. "அதுவும் இவரு பாக்கது என்னைய இல்ல. அக்காவ."

அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். அவளுக்கு என் மேல் விருப்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளை அந்த மெஷின் வரை கொண்டுவர நான் அவளுடைய கல்யாணப் பேச்சைப் பயன்படுத்தினேன். வேறு வழி இருந்திருக்கலாம். தேடவில்லை. முன்பு ஒரு முறை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக் காபி குடித்தவன். இந்த முறை அவசரப்பட்டேன்.

அதன்பிறகு தாராவியிலிருந்து போன் வரவில்லை. கலைச்செல்வி மட்டும் எப்போதாவது மெசேஜ் போடுவாள். மாஸ்க் மூக்கில் தழும்பு போடுகிறது. காற்று ஓரத்தில் கசிந்து கண்ணில் அடிக்கிறது. மாலா அடுப்பு மாதிரி இருக்கிறது, தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுகிறேன். டாக்டர் வேறு அளவு மாஸ்க் கொடுத்தார், காற்றை மெதுவாக ஏற்றுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு சஃப்ரீன் பார்த்துவிட்டு யானை என்கிறாள். ஒரு நாள்: இன்று முலுண்டில் இறங்கிவிட்டேன், கடை இன்னும் திறக்கவே இல்லை. இன்னொரு நாள்: கல்யாணிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நானே மெஷினைப் பற்றிச் சொன்னேன். அம்மா என்னிடம் பேசுவதில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதி, அழித்துவிட்டேன். டாக்டரைப் பார்க்கும் தேதி எப்போது என்று அவளிடம் கேட்டேன். அவள் தேதியை மட்டும் அனுப்பினாள்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார்.

"மாப்ள, சாப்டியளா?"

"இன்னும் இல்ல அத்தை. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இப்ப காலைல தண்ணி புடிக்க எந்திரிச்சேன். வீட்டுல சத்தமே இல்ல. வெளிய மழை பெய்யுது, அது கேக்கு. மேலருந்து ஒண்ணும் கேக்கல. எனக்குக் கையும் காலும் ஓடல. குடத்தப் போட்டுட்டு ஏணில ஏறுனேன். மூக்குக்கிட்ட வெரல வச்சா அந்த ரப்பருதான் தட்டுப்படுது. பொறவு நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். ஏறுது, எறங்குது. வாய மூடிக்கிட்டு, புள்ள மாதிரி தூங்குதா. மல்லாந்து. இருவத்தாறு வருசத்துல அவ மல்லாந்து தூங்கி நான் பாத்ததில்ல மாப்ள. அங்கேயே ஒக்காந்துட்டேன். தண்ணி போயிருச்சு."

"எழுப்பிட்டீங்களா?"

"இல்ல. இன்னும் தூங்குதா. வேலைக்கு நேரமாச்சு. எழுப்பட்டா?"

"வேண்டாம் அத்தை. தூங்கட்டும்."

அவர் போனை வைக்கவில்லை. குழாயடியில் யாரோ இந்தியில் சண்டை போடுவது கேட்டது. பிறகு கேட்டார்:

"இது இருந்திருந்தா பெரியவளும் இந்த மாதிரி தூங்கியிருப்பா, என்ன மாப்ள?"

"ஆமா அத்தை," என்றேன்.

நான்கு வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். ஓர் இரவுகூட அவள் அப்படித் தூங்கவில்லை.